மெழுகு தடவாத ஸ்க்ரூ

அத்தான் எட்வின் ஜெபமணி சொன்ன கதையைத் தேவபிச்சை முப்பத்தோரு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான். சந்தேகப்பட்டான் என்றால் ஏதோ எதிர்த்து நின்றவன் மாதிரி தோன்றும், அப்படியில்லை. திங்கள்கிழமை நம்புவான், செவ்வாய்க்கிழமை நம்பமாட்டான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அத்தானின் நரைத்த பிடரியைப் பின்வரிசையிலிருந்து பார்க்கும்போது இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வான். ஆனால் ஒருநாளும் வாயைத் திறந்து கேட்டதில்லை. கதை சின்னதுதான். பாபநாசத்திலிருந்து மேலே அணைக்கு ஏறும் பாதையில், வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் அத்தான் மோரிஸ் காரைத் திருப்பினார். இடதுபக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்த லில்லியக்கா வெளியே போய்ப் பாறையில் விழுந்தாள். கதவு ஏன் திறந்தது? பூட்டின் நாக்கு போய் மாட்டுகிற தகடு, கதவுத்தூணில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கவேண்டிய தகடு, ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. "எம் மடியில வந்து விழுந்துச்சு, இந்தக் கையால எடுத்துப் பாத்தேன்" என்று அத்தான் ஆஸ்பத்திரி வாசலில் சொன்னார், சாவு வீட்டில் சொன்னார், போதகரிடமும் போலீஸ்காரரிடமும் உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சொன்னார். தகடு ஏன் பிடுங்கிக்கொண்டு வந்தது? மரை தேய்ந்த துளையில் புதிதாக மரை வெட்டாமல் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஒட்டியது யார்? அந்த இடத்தில் அத்தான் பேச்சை நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு, அக்காவின் தம்பியான தேவபிச்சையைப் பார்ப்பார். சுற்றி இருக்கிறவர்களும் பார்ப்பார்கள். அப்போது அவனுக்கு இருபத்து நாலு வயது.

இப்போது ஐம்பத்தைந்து. அதே மோரிஸின் அதே இடதுபக்கச் சீட்டில் உடம்பை மடக்கி உட்கார்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில் வலது கையை நுழைத்து, ஒரு போல்ட்டைக் கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தான். சாமான் வைக்கிற தட்டைத் தாங்கும் போல்ட். கழுத்தோடு முறிந்து கிடந்தது. வெல்டிங் வைத்தால் மேலே இருக்கிற பழைய பெயிண்ட் பொரிந்துவிடும், வண்டியை வாங்க மதுரையிலிருந்து நாலு மணிக்கு வருகிற மனிதருக்குப் பழைய பெயிண்ட்தான் முக்கியம். அதனால் பசை. பசை டியூப், அதை இறுக்குகிற மருந்து டியூப் இரண்டிலிருந்தும் சம அளவு பிதுக்கி, போன வருஷத்துக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் சைக்கிள் கம்பியால் குழைத்து, போல்ட்டின் தலையில் வைத்து ஒட்டியாயிற்று. இனி இருபது நிமிஷம் விரல் அசையக்கூடாது. ஆறு நிமிஷம் போயிருந்தது. ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தான் வீங்கிய காலை ஒரு பெயிண்ட் டப்பா மேல் தூக்கி வைத்துக்கொண்டு விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். எழுபத்து நாலு வயதிலும் குரல் மட்டும் தளரவில்லை. "பிடிச்சுக்கடே, நல்லா பிடிச்சுக்க. நீ கைய விட்டா என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும்லா" என்றார். பதில் சொல்லாமலிருப்பது இவனுக்குப் பழகிவிட்டது, நாக்குக்கு அது ஒரு வேலை மாதிரி. "பள்ளிக்கூடத்துல ஒனக்கு என்ன வேலைன்னு எவனாவது கேட்டா நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? ஒடஞ்ச கண்ணாடிக் குழாய ஒட்டுத வேலன்னு சொல்லுவேன். முப்பது வருஷம் ஆய்வகத்துல இருந்து ஒட்டத்தான் படிச்சிருக்கான் எம் மச்சினன்." அவரே சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமட்டும் என்று தேவபிச்சை நினைத்தான். நன்றாக, மூச்சு முட்டுகிற மட்டும் இருமட்டும் என்று நினைத்தான், உடனே தன்னையே அருவருத்தான், அந்த அருவருப்பும் உண்மையா அல்லது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கமா என்று யோசித்தான். எதற்காக வந்தேன்? கூப்பிட்டார், வந்தேன். அது பொய். நேற்று வெல்டிங்காரன் அந்தப் பட்டையை அறுத்தெடுத்தான் என்று கேள்விப்பட்டதால் வந்தேன்.

பட்டை என்பது அடக்கம் முடிந்த நாலாம் நாள் அத்தான் இடதுபக்கக் கதவுக்கும் தூணுக்கும் குறுக்கே வைத்துப் பற்றவைத்த இரும்புத் துண்டு. அதுவரை வண்டி ஷெட்டில் பூட்டிக் கிடந்தது, யாரும் போய்ப் பார்க்கவில்லை. இனி ஒரு உயிர் இந்தக் கதவால் போகக்கூடாது என்று சொல்லிச் செய்தார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப்பின் முப்பத்தோரு வருஷம் அந்தக் கதவு திறக்கவில்லை. அவருக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள்கூட டிரைவர் பக்கத்துச் சீட்டைச் சாய்த்து நுழைந்து பின்சீட்டில் உட்கார்ந்துதான் கோயிலுக்குப் போனாள். மதுரைக்காரர் கதவு திறக்காத வண்டி வேண்டாம் என்றதால் இப்போது அறுபட்டது. காலையில் இவன் வந்ததுமே அத்தான் விரலை நீட்டி, "ஒனக்கு வேலை உள்பக்கந்தான். தட்டு, விளக்கு வளையம், அந்த ரப்பர். கதவ நீ தொடாண்டாம். தொட்டது போதும்" என்றார். தொடவில்லை. உள்ளே ஏறுவதற்கு மட்டும் ஒருக்களித்துக் கிடந்த கதவை முழங்கையால் தள்ளி அகலத் திறந்து வைத்தான், கை படாமல், தொற்றுநோய்க்காரன் வீட்டுக் கதவைத் தள்ளுகிற மாதிரி. இப்போது அது இடது தோளுக்கு அப்பால் வெயிலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. தூண் இவனுடைய இடது காதுக்குப் பின்னால். கழுத்தைத் திருப்பினால் தெரியும். திருப்பவில்லை. எட்டு நிமிஷம் ஆகியிருக்கும். திருப்பினால் அங்கே இரண்டு துளை தெரியும், பசை பெயர்ந்த இரண்டு வெற்றுத் துளை, அவ்வளவுதான், அதோடு திங்களும் செவ்வாயும் எல்லாம் ஒரே கிழமையாகிவிடும், அக்காவைக் கொன்றவன் என்கிற கிழமை. வெற்றுத் துளையைப் பார்க்கிறதற்காகவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாய்? ஆமாம். அதையாவது பார்த்துவிடவேண்டும். கட்டைவிரல் மரத்துக்கொண்டு வந்தது. பசையின் வாடை மூக்கில் ஏறியது, சூடான, லேசாக மீன் கவிச்சி மாதிரியான அந்த வாடை, அது ஏறின மாத்திரத்தில் லில்லியக்கா வந்துவிட்டாள், எப்போதும் அப்படித்தான், ஆய்வகத்தில் எந்த டியூபைத் திறந்தாலும் அவள் காப்பி டம்ளரோடு வந்து நிற்பாள்.

தகட்டை ஒட்டிய அன்றைக்கும் காப்பியோடுதான் வந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். அத்தான் வெளியே போயிருந்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை, போகிற வழியில் கடகடவென்று ஆடுகிறது என்று அத்தான்தான் இவனிடம் சொல்லியிருந்தார், பட்டறைக்குப் போனால் அரை நாள் ஆகும், நீயே ஏதாவது பண்ணு என்று. தகட்டைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு துளையிலும் மரையே இல்லை. பெரிய விஷயமில்லை. துளையைச் சுரண்டித் துடைத்துவிட்டு, பசையில் கொஞ்சம் இரும்புத்தூள் கலந்து, காந்தப் பாடத்துக்கு வைத்திருக்கிற இரும்புத்தூள், ஆய்வகத்திலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தான், அதைத் துளையில் அடைத்து, ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு உள்ளே திருக வேண்டும். மெழுகு இருந்தால் பசை ஸ்க்ரூவைப் பிடிக்காது. துளையை மட்டும் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூவின் அச்சில் புது மரையாக இறுகிவிடும். நாளைக்குக் கழற்றவேண்டுமென்றால் கழற்றலாம். இது அவனாகக் கண்டுபிடித்த வழி, அதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. இடது கையில் மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டான். அப்போதுதான் அக்கா குனிந்து டம்ளரை நீட்டினாள். வளையல் முழங்கைப் பக்கம் சரிந்தது. மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் தடம், ஒன்று பச்சை, மற்றவை ஊதா. அவன் பார்த்ததை அவள் பார்த்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "குடம் தூக்குனேம்லே, சுளுக்கிட்டு" என்றாள். அவன் கேட்கவேயில்லையே, எதற்குப் பதில் சொன்னாள்? டம்ளரை வாங்கக் கையில் இருந்த மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தான். காப்பியைக் குடித்தான். சூடாக இருந்தது, சர்க்கரை தூக்கல், அதையெல்லாம் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறான், வெட்கம் கெட்டவன். அக்கா கதவைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா சாத்துமால?" என்றாள். "நல்லா சாத்தும்க்கா." "உள்ள இருந்து திறக்கதுக்கு லேசா இருக்கும்லா?" "கைப்பிடிய லேசா தூக்குனா போதும்." "சரி" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். அவள் போனபிறகு இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்து வரிசையாகத் திருகி முடித்து, பிதுங்கி வந்த பசையைக் கட்டைவிரலால் நீவி விட்டு நிமிர்ந்தபோது மெழுகுவர்த்தி வைத்த இடத்திலேயே கிடந்தது. தேய்க்கவில்லை. இரண்டையும் வெறும் ஸ்க்ரூவாக இறக்கிவிட்டான். ஐயோ, இனி இதை எவனாலும் கழற்ற முடியாதே, அத்தானுக்குத் தெரிந்தால் பேசியே கொன்றுவிடுவாரே என்று பயந்தான். அதற்குத்தான் பயந்தான். அக்காவின் கைக்குப் பயப்படவில்லை.

"என்னடே தூங்கிட்டியா?" அத்தான் விசிறியால் நாற்காலியின் கையைத் தட்டினார். "இல்ல அத்தான்." "எத்தன நிமிஷம்?" "பன்னெண்டு இருக்கும்." "பன்னெண்டு நிமிஷமா ஒரு போல்ட்டப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கான். ஒங்க அம்மா ஒனக்குத் தேவபிச்சைன்னு பேரு வச்சதுக்கு ஒட்டுப்பிச்சைன்னு வச்சிருக்கலாம்." அம்மா. அம்மாவை எதற்கு இழுக்கிறார். அம்மா அடக்கத்தன்றைக்கு அழவில்லை. எல்லாரும் போனபிறகு பின்கட்டில் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தவள், அவனை நிமிர்ந்து பார்க்காமல், "நீ சரியா ஒட்டுனியால?" என்று கேட்டாள். "ஒட்டுனேம்மா" என்றான். தலையை ஆட்டினாள். அதற்குப்பின் சாகிறவரை பத்தொன்பது வருஷம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நம்பினாளா? அவன் வீட்டில் எது ஆடினாலும், கட்டில் கால், மேஜை, ஆணி, கல்யாணமாகி வந்த இவன் பெண்டாட்டி கூப்பிடுவதற்கு முன்னால் அம்மா ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துவந்து அவளே கட்டிவிடுவாள். அதுதான் பதில். மெழுகு தடவவில்லை என்பதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் புரிந்திருக்குமா? மெழுகு தடவாவிட்டால் பசை விடாது, கதவுத்தூணே பிய்ந்தாலும் ஸ்க்ரூ வராது என்று எப்படிச் சொல்வது? சொல்ல ஆரம்பித்தால் ஏன் தடவவில்லை என்று கேட்பாள். ஏன் தடவவில்லை என்றால் அக்கா கையைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். பார்த்தும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்பாள். அந்தக் கேள்விக்கு முன்னால் அக்காவைப் பசையால் கொன்றவனாக இருப்பது எளிதாக இருந்தது. அப்படியா? முப்பத்தோரு வருஷம் அதனால்தான் சும்மா இருந்தாயா? இல்லை, இல்லை, ஞாபகத்தையே அவன் நம்பவில்லை. மெழுகுவர்த்தி கிடந்தது என்பதைப் பிற்பாடு மனசு சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். குற்றவாளிக்கு இப்படி ஒரு மெழுகுவர்த்தி கிடைக்காமலா போகும்.

பதினாலு நிமிஷம். வலது கைக் கட்டைவிரல் தன்னுடையதாக இல்லை. அவன் கழுத்தைத் திருப்பினான். தீர்மானித்துத் திருப்பவில்லை, கழுத்து வலித்தது, திருப்பினான். தூணில் தகடு இருந்தது. முதலில் அது தகடு என்றே மனசு ஒப்பவில்லை, துருவின் நிழல் என்று நினைத்தது. வெல்டிங்கின் கறுப்பும் முப்பது வருஷ அழுக்கும் ஏறி, இரண்டு ஸ்க்ரூத் தலைகளோடு, வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அத்தானின் மடியில் விழுந்த தகடு. உள்ளங்கையை விரித்துக் காட்டிய தகடு. வேறு தகடாக இருக்கலாமே? பிற்பாடு புதிது வாங்கி மாட்டியிருக்கலாமே? திறக்கவே போகாத கதவுக்கு யார் தகடு மாட்டுவார்கள்? மாட்டியிருக்கலாம், பணக்காரன் புத்தி. இடது கையை நீட்டி, வேட்டி நுனியை எச்சில் தொட்டு அழுக்கைத் துடைத்தான். தகட்டின் கீழ் விளிம்பில் பசை பிதுங்கிக் கெட்டியாகி நின்றது. சாம்பல் நிறம், அதற்குள் கறுப்புக் கறுப்பாக இரும்புத்தூள். தகட்டிலிருந்து தூணுக்கு ஒரே ஓட்டமாக, நடுவில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லாமல். அதன்மேல் ஒரு விரல் நீவிய பள்ளம். பள்ளத்தில் ரேகை. ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. அவன் பத்தாவது படிக்கும்போது சோதனைக்குழாய் உடைந்து இடது கட்டைவிரலைக் கிழித்தது, ஆறு தையல், அந்த வடு. அவன் இடது கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தான். பொருந்தியது. இருபத்து நாலு வயசுப் பையன் ஒருவன் இன்னமும் அங்கே விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்த மாதிரியும், இவன் போய் அவன் விரல்மேல் விரல் வைத்த மாதிரியும் இருந்தது. மடியில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை இடது கையில் எடுத்து, மேல் ஸ்க்ரூவின் பள்ளத்தில் வைத்துத் திருகினான். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். ஸ்க்ரூவின் தலை சிதைந்து பளபளவென்று இரும்புச் சீவல் உதிர்ந்ததே தவிர அது இம்மி நகரவில்லை. மெழுகு தடவவில்லை. தடவவில்லை. சத்தியமாகத் தடவவில்லை.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தரம் இந்த நிமிஷத்தைக் கற்பனை செய்து, அழுவேன், கத்துவேன், கோயில் வாசலில் நின்று ஊரைக் கூட்டுவேன் என்றெல்லாம் வைத்திருந்தான். வந்தது குளிர். மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. தகடு போகவில்லை என்றால் பூட்டு பிடித்துத்தான் இருந்தது. பூட்டு பிடித்திருந்தால் கைப்பிடியைத் தூக்காமல் கதவு திறக்காது. கைப்பிடி உள்ளே இருக்கிறது, இதோ இவன் இடது முட்டிக்குப் பக்கத்தில், சின்ன குரோமியக் கொண்டி. லேசாகத் தூக்கினால் போதும். அவன்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவளாகத் தூக்கினாளா? உள்ளே இருந்து திறக்க லேசாக இருக்குமா என்று அவள் கேட்டது இதற்குத்தானா, அல்லது சும்மா கேட்டாளா, எல்லாப் பெண்களும் கேட்கிற மாதிரி? இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஒரு நீளக் கை குறுக்கே வந்து தூக்கியதா? இந்த வண்டி குறுகல், டிரைவர் சீட்டிலிருந்து கை எட்டும், கொஞ்சம் சாய்ந்தால் எட்டும். எது நடந்திருந்தாலும் அவர் எதற்காகத் தகட்டை மடியில் விழவைத்தார்? அவளே குதித்திருந்தால், ஏன் குதித்தாள் என்று ஊர் கேட்கும். அதற்குப் பயந்து ஒரு தகடு. அவரே செய்திருந்தால் அதற்கும் அதே தகடு. இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே தகடு, இவன் பேர் எழுதியது. அவரைப் பார்த்தான். விசிறி நின்றிருந்தது. ஒருவேளை சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரோ? மடியில் இரும்பு வந்து விழுந்த கனத்தை நிஜமாகவே உணர்ந்திருப்பாரோ? இல்லாவிட்டால் பட்டையை அறுக்க விட்டிருப்பாரா, இவனையே கூப்பிட்டு இந்தச் சீட்டில் உட்கார வைத்திருப்பாரா? அவ்வளவு பெரிய திமிரா, அவ்வளவு பெரிய மறதியா? இரும்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்; அவர் காலை டப்பாவிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

"அங்க என்னல நோண்டுத?" மூச்சு வாங்கியது அவருக்கு. "கதவத் தொடாதன்னு சொன்னனா இல்லியா?"

"கதவத் தொடல அத்தான். தூணத் தொட்டேன்."

"எல்லாம் ஒண்ணுதான். எறங்கு. எறங்குலே மொதல்ல."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. போல்ட்டு விழுந்துரும்."

"விழுந்தா விழட்டும்!" கத்தலில் அவருடைய பல்செட் நகர்ந்தது, கையால் தள்ளிச் சரிசெய்தார். "மரை கழண்ட பய. ஒன்ன உள்ள விட்டது எந் தப்பு. வெளங்காதவன் கைபட்ட வண்டி இது."

தேவபிச்சை அந்த இரண்டு நிமிஷமும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவர் எழுந்து வர முயன்று, நாற்காலியின் கையைப் பிடித்து எழும்பி, கால் தாங்காமல் மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கைகள் இன்னும் நீளமாகத்தான் இருந்தன. விரல்கள் நாற்காலியின் வெள்ளைப் பிளாஸ்டிக்கை இறுகப் பற்றியிருந்தன. அதில் அக்காவின் மணிக்கட்டில் பதிந்திருந்த நாலு விரல் தெரிந்தது. தெரிந்ததும் இத்தனை வருஷம் நாக்கு செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டது. வலது கட்டைவிரலை மெல்ல எடுத்தான். போல்ட் நின்றது. விழவில்லை.

"அத்தான், தகடு இங்கதான் இருக்கு. எம் பெருவிரல் ரேகையோட, தூணுலேயே இருக்கு. அது ஒங்க மடிக்கு வரவே இல்ல." குரல் தன்னுடையதா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு சாதாரணமாக இருந்தது. "இப்ப சொல்லுங்க. அன்னைக்கு இந்தக் கைப்பிடியத் தூக்குனது யாரு, அக்காவா, நீங்களா?"